ஆடிக்கு முன்னால் ஒரு நல்ல நாள்

ஜூலை 5, சனி

சாரல். மலை தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போது வெயில், ராஜபாளையத்தில் இறங்கும்போது தூறல். குடை வீட்டில்.

எம்.டி.யிடம் குறிப்பு கொடுத்தாயிற்று. மில்லுக்குப் புது சாப்ட்வேர் வந்திருக்கிறது. பஞ்சு கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, விற்பனை, சம்பளம், எல்லாம் ஒன்றாக. இப்போது ஓடுவது நான் எழுதிய புரோகிராம்கள். பார்க்க அழகில்லை, ஆனால் பொய் சொன்னதில்லை. பழையதில் இருக்கும் விவரங்களைப் புதியதற்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. மூன்று வழி எழுதினேன்:

1. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழையதை நிறுத்துவது. சீக்கிரம் முடியும். தப்பு வந்தால் திரும்பிப் போக வழியில்லை.
2. பகுதி பகுதியாக. முதலில் ஸ்டோர்ஸ், கடைசியில் சம்பளம்.
3. இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுவது. இரண்டும் ஒரே விடை சொன்ன பிறகு பழையதை நிறுத்துவது. வேலை இரட்டிப்பு. ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மூன்றாவதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டேன். யார் கண்ணுக்கும் தப்பாது.

வாங்க: டீத்தூள், அக்காவுக்குத் தைலம், குடைக்குக் கம்பி.

ஜூலை 7, திங்கள்

எம்.டி. அறையில் மீட்டிங். சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த கார்த்திக்கும் இருந்தான். மெட்ராஸ் பையன். டை கட்டியிருந்தான், இந்த ஊரில், ஜூலையில்.

என் குறிப்பு மேஜையில் இருந்தது. அதன் மேல் பஞ்சாங்கம்.

எம்.டி.: "ஏம்மா, அடுத்த வாரம் ஆடி பொறந்துரும். ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது. இந்த வெள்ளிக்கிழமை வளர்பிறை, நல்ல முகூர்த்தம். அன்னைக்கே மாத்திருவோம்."

மாதத்தின் நடுவில் மாற்றினால் சம்பளக் கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும் என்றேன். மாதக் கடைசிவரை பொறுக்கலாம் என்றேன். அது ஆடி என்றார்.

அப்புறம் எனக்கே பெருமையாக ஒன்று தோன்றியது. "சார், ஆடிக்கு முன்னாடி பால் காய்ச்சிட்டு, ஆவணியில குடி போறது இல்லையா? வெள்ளிக்கிழமை பூஜை போட்டு ஒரே ஒரு பில்லை மட்டும் புதுசுல போடுவோம். ஆடி முழுக்க ரெண்டும் ஓடட்டும். ஆவணியில பழசை நிறுத்துவோம்."

சிரித்தார். "மில்லு என்ன வாடகை வீடாம்மா?"

கார்த்திக்கும் சிரித்தான். அவனுக்கு இந்த ஊரில் சீக்கிரம் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். "ஒரே ஷாட்ல போயிடலாம் சார். எங்க டீம் எத்தனையோ இடத்துல பண்ணியிருக்கு."

"மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காவ, அவியளுக்குத் தெரியாதா?" என்றார் எம்.டி. என்னைப் பார்த்து. பிறகு போனில் தம்பியோடு தெலுங்கு. சரே, சரே. மீட்டிங் முடிந்தது.

சிவப்புக் கோட்டைப் பார்த்தாரா என்றே தெரியவில்லை.

எங்கள் அக்காவுக்கும் வளர்பிறை முகூர்த்தத்தில்தான் கல்யாணம் நடந்தது. மூன்று ஜோசியர் பார்த்துக் குறித்த நாள். அக்கா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

மாற்றியாயிற்று.

மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். கீபோர்டில் மஞ்சள் அரிசி விழுந்து ஒரு பட்டன் எழும்பவில்லை, ஊசியால் தோண்டி எடுத்தேன். ஐயர் கற்பூரத் தட்டை மானிட்டர் பக்கம் கொண்டுபோனபோது கார்த்திக் முகம் வெளிறிவிட்டது. அந்த ஒரு நிமிஷம்தான் இன்று எனக்குச் சந்தோஷம்.

இந்த மாதத்தின் முதல் பத்து நாள் வருகையை எப்படிக் கொண்டுவருவது என்று அவனிடம் கேட்டேன். "ஒவ்வொருத்தருக்கும் மொத்தமா ஒரு நம்பர் போட்டுக்கலாம் மேடம். பத்து நாள் வந்தா பத்து." ரீலிங்கில் நூல் சுற்றும் பெண்களுக்கு நாள் கணக்கில்லை, சுற்றிய சிட்டத்துக்கு, அதாவது நூல் கட்டுக்குத்தான், கூலி என்றேன். "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்" என்றான்.

என் பழைய மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார் எம்.டி. "ரெண்டு இருந்தா ரெண்டு பேச்சு வரும்." ஆடிட் முடியும் வரை ஸ்டோர் ரூமில் இருக்கட்டும் என்று கெஞ்சி வாங்கினேன். பழைய பெல்ட், உடைந்த பாபின் கூடை, நடுவில் அது. மேலே என் பழைய துப்பட்டாவைப் போட்டுவிட்டு வந்தேன். செத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது.

சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிடவில்லை. பொய், சாப்பிட்டேன். முந்திரி நிறைய.

ஜூலை 18, வெள்ளி

காற்று. ஆடிக் காற்று என்றால் இது. பஸ் ஜன்னல் கண்ணாடி ஒன்று கழன்றுவிட்டது.

மம்சாபுரத்தில் செல்லம்மாள் ஏறினாள். ரீலிங்கில் வேலை. தினமும் அவளுக்கு இடம் போட்டு வைப்பேன், டிபன் பையை வைத்து. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள், ஆனால் என்னைத்தான் கம்ப்யூட்டரக்கா என்பாள்.

"மகளக் கூட்டிட்டு வந்தாச்சுக்கா, ஆடிக்கு. தலை ஆடி. ஆடிப்பூரத் தேருக்கு மருமகனும் வாராரு. சம்பளம் தேருக்கு முந்தியே போட்ருவாகளா?"

போடுவார்கள் என்றேன். எம்.டி. நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்.

இந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போகிறேன். துப்பட்டாவை எடுத்துவிட்டு, பிளக்கைச் செருகி, அன்றன்றைய வருகையையும் ரீலிங் சிட்டத்தையும் பழையதிலும் அடித்துவைக்கிறேன். மூன்றாவது வழி. எம்.டி. வேண்டாம் என்றார், நான் தனியாக ஓட்டுகிறேன். அக்கா கட்டிக்கொடுத்த சோறு அப்படியே திரும்பிப் போகிறது. "யாருக்காக டயட்டு?" என்று கேட்டாள்.

எதற்காக ஓட்டுகிறேன் என்று இங்கேயாவது மறைக்காமல் எழுதுகிறேன். யாரையும் காப்பாற்ற இல்லை. புதியது ஒருநாள் தப்பு விடும். அன்று பழைய கணக்கு, புதுக் கணக்கு, இரண்டு தாளையும் எம்.டி. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பஞ்சாங்கத்தை நகர்த்திவிட்டு வைப்பேன்.

ஆகஸ்டு 2, சனி

தப்பு விட்டது.

ஜூலைச் சம்பளம் சோதனைக்கு அடித்துப் பார்த்தேன். மற்ற பகுதிகள் சரி. ரீலிங் மொத்தமும் கோவிந்தா. முதல் பத்து நாளுக்கு ஆள் வந்திருக்கிறது, நூல் சுற்றவில்லை. அத்தனை பெண்களும் பத்து நாள் மில்லுக்கு வந்து சும்மா நின்றுவிட்டுப் போனதாகப் புதுக் கம்ப்யூட்டர் சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு சம்பளம் காணோம்.

ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். பழையது சரியாக இருந்தது. ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு நாளும்.

சந்தோஷப்பட்டேன். இதை வேறு யாரிடம் சொல்வது. பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது, அதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

கார்த்திக்குக்குப் போன். மெட்ராஸில் வேறு வேலையில் இருக்கிறானாம். "அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணிடலாம் மேடம், நோ ப்ராப்ளம்." அவனுக்கு என்ன ப்ராப்ளம்.

திங்கள் காலை எம்.டி.யைப் பார்க்க வேண்டும். இரண்டு தாளும் பையில்.

ஆகஸ்டு 4, திங்கள்

பஸ்ஸில் கூட்டம். தேருக்கு வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். செல்லம்மாள் என் மடியில் பையைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினாள். மருமகன் நேற்றே வந்துவிட்டாராம். நாளைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் அவருக்கு வேட்டி சட்டை, மகளுக்குச் சேலை எடுக்க வேண்டுமாம்.

"கடன் வாங்கலக்கா. கேட்டுப் போயி நிக்கலியேன்னு எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா?"

பையில் அந்த இரண்டு தாள்.

எம்.டி. அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ பஞ்சு வியாபாரி. உட்கார்ந்திருந்தபோது யோசித்துப் பார்த்தேன். நான் தாளை வைத்தால் என்ன செய்வார்? மெட்ராஸுக்குப் போன் போடுவார். அவர்கள் ஆள் அனுப்புவதாகச் சொல்வார்கள். "ரீலிங் மட்டும் தேர் முடிஞ்சு போடுவோம், கணக்கு சரியாகட்டும்" என்பார். பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த மனிதர். கெட்டவர் இல்லை. ஆனால் அதைத்தான் சொல்வார்.

நான் ஜெயிப்பேன். செல்லம்மாள் மருமகன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

பியூன் கூப்பிட்டபோது, "அப்புறம் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க அடித்தேன். பழையதில் இருந்த சிட்டத்தை ஒவ்வொரு பெண்ணுக்கும் புதியதில் கையால். கழுத்து ஒருபக்கமாகத் திரும்பவில்லை. சாயங்காலம் ரீலிங் சம்பளம் சரியாக வந்தது. இரண்டு தாளையும் கிழித்து ஸ்டோர் ரூம் கூடையில் போட்டேன்.

எரிச்சல். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

ஆகஸ்டு 5, செவ்வாய்

சம்பளம் போட்டாயிற்று. ஒரு புகார் இல்லை.

எம்.டி. எல்லாரையும் கூட்டினார். ஜிலேபி, மிக்சர். கார்த்திக் மெட்ராஸிலிருந்து இதற்கென்றே வந்திருந்தான். அவனுக்குப் பொன்னாடை. "நல்ல நாள்ல தொடங்கினோம், தடங்கல் இல்லாம முடிஞ்சது" என்று எம்.டி. பேசினார். கைத்தட்டல். நானும் தட்டினேன்.

கார்த்திக் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "பாத்தீங்களா மேடம், சிஸ்டம் பாத்துக்கும்னு சொன்னேன்ல?" என்றான். போனில் நான் சொன்ன தப்பு தானாகவே சரியாகிவிட்டது என்று நிஜமாகவே நம்புகிறான். ஜிலேபியை அவன் மூஞ்சியில் எறியாமல் இருந்ததற்கு எனக்கும் ஒரு பொன்னாடை போடலாம்.

ஆகஸ்டு 8, வெள்ளி

தேர் முடிந்து பஸ் காலி. ரோடெல்லாம் செருப்பும் காகிதமும்.

செல்லம்மாள் மகள் கதை, மருமகன் கதை. சட்டை அளவாக இருந்ததாம். அப்புறம் சொன்னாள்:

"ஆனா ஒண்ணுக்கா, புதுக் கம்ப்யூட்டரு நல்ல கம்ப்யூட்டரு. நாங்க ரீலிங்குல எல்லாரும் பேசிக்கிட்டோம். பழசுல ஏதாச்சும் ஒரு கொறை வந்துக்கிட்டே இருக்கும்லா. இதுல ஒரு சிட்டம் தப்பல."

பழசில் எப்போது குறை வந்தது என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போல. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வந்துருக்கும்கா. பழசுன்னா வரத்தான செய்யும்."

இறங்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. நாளைக்கு அவளுக்கு இடம் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். போடுவேன் என்றும் தெரியும்.

ஆகஸ்டு 11, திங்கள்

வெக்கை. காற்று நின்றுவிட்டது.

எம்.டி. கூப்பிட்டார். தேவதானம் பக்கம் அவர் தம்பி மில் இருக்கிறது, அங்கேயும் இதே சாப்ட்வேர். "எப்படி மாத்துறதுன்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. இங்க செஞ்ச மாதிரியே. ஒரே நாள்ல."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஸ்டோர் ரூம், சாப்பாட்டு நேரம், காணாமல் போன பத்து நாள், திங்கட்கிழமை முழுக்க அடித்தது. சார், இங்கே ஒரே நாளில் மாறவில்லை, இரண்டும் சேர்ந்துதான் ஓடியது, பழையது இல்லாவிட்டால் ரீலிங் பெண்கள் கேட்டில் நின்றிருப்பார்கள். நிறுத்தாமல் சொன்னேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கார்த்திக்கைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா? நல்ல நாள்ல தொடங்குனா அப்படித்தான். நடுவுல கொறை வந்தாலும், தாங்கிப் பிடிக்க ஒரு ஆள அதுவே அனுப்பிரும். உங்கள அனுப்பியிருக்கு."

கையெடுத்துக் கும்பிட்டார். மேலே பார்த்து, என்னைப் பார்த்து இல்லை.

பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மார்கழி பிறப்பதற்கு முன்னால், கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. தேதியைப் பென்சிலால் சுழித்தார். "அன்னைக்கு மட்டும் லீவு போட்ராதீங்க."

அவர் மேஜையிலேயே ஒரு தாள் எடுத்து, அந்த வெள்ளிக்கிழமை தொடங்கி இரண்டு மாதத்துக்கு லீவு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பஞ்சாங்கத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். காரணம்: சொந்த வேலை.

தேவதானத்து மில்லில் ரீலிங்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறக் கூடாது.