அண்ணன் வைத்த சைரன்

பன்வில
08.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. அதனால் கடிதம்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு நீங்கள் வைத்த சைரன் இந்தக் கிழமை மூன்று முறை அலறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடியதுதான் மிச்சம், ஒரு பிடி மண் சரியவில்லை. "ஒங்க அண்ணன் எங்கள ஒருவாய் சோறு நிம்மதியா திங்க விடமாட்டானா?" என்று லயத்தில் வரிசையாக இருக்கிற அத்தனை வீடும் என்னைத் திட்டுகிறது. அப்பா மட்டும் முதல் ஆளாகப் போய்க் கோவிலில் உட்கார்ந்துவிடுகிறார். ஏதாவது செய்யுங்கள்.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தங்கை
நிரோஷினி

கண்டி
11.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

முறுக்கு ஒபிஸில் ஐந்து நிமிடத்தில் காலி.

உங்கள் பிரச்சினை தீர்ந்தது. முன்பு ஒரு மழைக்கருவி சொன்னாலே சைரன் ஊதும். இனி மலையுச்சியில் இருப்பதும் லயத்துக்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்து சொன்னால்தான் ஊதும். இருந்த இடத்திலிருந்தே ஒரு மணி நேர வேலை, மனேஜர் கைதட்டினார். இங்கே சம்பளமே சிக்கலைச் சீக்கிரம் அவிழ்ப்பதற்குத்தான். அப்பாவிடம் சொல், இனி நான் கூப்பிட்டால் மட்டும் ஓடினால் போதும்.

அன்பு அண்ணன்
கஜேந்திரன்

பன்வில
02.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

லயத்தில் இப்போது உங்களுக்கு நல்ல பேர். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். இரண்டில் ஒன்று பழுதானால்? மலையுச்சிக்கு யாரும் போவதில்லையே. கட்டாயம் பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை
நிரோஷினி

கண்டி
20.12.2024

அன்பு நிரோவுக்கு,

அப்பாவின் காரியம் முடிந்ததிலிருந்து புதுப் போனையும் நீ எடுப்பதில்லை.

மண் சரிந்த அன்று சைரன் ஏன் சும்மா இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். மலையுச்சிக் கருவியின் வாயைச் சருகு அடைத்திருந்தது. மழையே இல்லை என்று அது சொன்னதால் சைரன் ஊதவில்லை. நீ கேட்டதேதான். பிறகு பதில் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. எல்லோரும் வெளியேறியபோது அப்பா ஏன் வரவில்லை? கால்வலியா?

கஜேந்திரன்

பன்வில
27.12.2024

அண்ணாவுக்கு,

மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் சேறாக வந்ததைப் பார்த்து நான்தான் லயத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். கதிரையை விட்டு எழும்பவில்லை. "எம்மகன் இன்னும் கூப்புடலயே, நீ போம்மா" என்றார்.

செத்த வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குக் கோபம்தான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த மழைக்கு முன் வந்து சைரனைச் சரிசெய்யுங்கள். ஒரு கருவி சொன்னாலே ஊதட்டும், எத்தனை தடவையானாலும் ஓடுகிறோம். வேலை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள். என்னைப் பார்க்க வரவேண்டாம்.

நிரோஷினி