குண்டம்மாவின் துவைக்காத துணி

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி கூட இந்த வாரம் லீவு போட்டுவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், இதற்குமேல் அடக்கிவைக்க என்னால் ஆகாது. குண்டம்மா சாப்பிட்டுவிட்டாள்! அதுவும் புதுசு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரே குவியல் புல்லில் இரண்டும் வாய் வைத்து!

நீ விட்டுப்போன இரண்டு கினிப் பன்றிகளில் சின்னது செத்துப்போனதை எழுதினேன், அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன், திட்டாதே. மிச்சமிருந்த குண்டம்மா மூலையைவிட்டு அசையவில்லை, போட்ட புல்லில் பாதி அப்படியே கிடக்கும். சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம், ஒவ்வொரு வாரமும் முள் கொஞ்சம் கீழே நிற்கும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மிருக டாக்டரம்மா சோதித்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல, தனியா இருக்கிறதுதான் நோய், இப்படியே விட்டா தாங்காது, ஒரு துணை பாருங்க" என்றார். அப்படி வந்ததுதான் புதுசு, அதுவும் பெண்தான் என்று அவரே பார்த்துச் சொன்னார். நோய் எதுவும் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று இரண்டு வாரம் வேறு அறையில் வைத்தோம். பிறகு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது படுத்த துணியை அதற்கும் அது படுத்த துணியை இதற்கும் தினமும் மாற்றிப் போடுங்கள், வாசனை பழகட்டும் என்றார். பத்து நாள் ஒரு நாள் தவறாமல் மாற்றினேன். ஆனால் முப்பது வருஷம் சலவைக் கடை நடத்துகிறவன் கை சும்மா இருக்குமா, ஒவ்வொரு துணியையும் சுடுதண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு, மடித்துத்தான் மாற்றினேன்!

பதினோராம் நாள், இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கட்டும் என்று கடையில் துணி மடிக்கும் அறைத் தரையில் விட்டோம். குண்டம்மா பல்லைக் கடகடவென்று அடித்தாள், புதுசு பாய்ந்தது, குண்டம்மாவின் காதோரம் ஒரு துளி ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அம்மாதான் தடித்த துண்டை நடுவில் போட்டுப் பிரித்தாள், கையை மட்டும் விடக் கூடாதாம், கடித்துக் குதறிவிடும். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "துவைச்சா மாத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அசடு வழிய நின்றேன்.

காயம் ஆறிய பிறகு அழுக்குத் துணியோடு மறுபடி பத்து நாள். எனக்குக் கை அரித்தது, அம்மா சோப்பு டப்பாவையே ஒளித்து வைத்தாள். நேற்று அதே அறை, தரையைத் துடைத்து, நடுவில் பெரிய புல் குவியல், தண்ணீர் இரண்டு இடத்தில், ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டிகள், மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழி வேண்டுமே. குண்டம்மா உறுமினாள், இடுப்பை ஆட்டிக்கொண்டு சுற்றினாள், புதுசைத் துரத்தினாள். நான் எழுந்தேன், அம்மா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள், "யாரு பெரியவள்னு முடிவு பண்ணிக்கிறாங்க, நீங்க நடுவுல போகாதீங்க" என்று. ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு புதுசு தலையைத் தாழ்த்தியது, குண்டம்மா அதை முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் முகர்ந்தாள், அப்புறம் பேசாமல் போய்ப் புல்லைத் தின்ன ஆரம்பித்தாள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அம்மா அழுதாள், நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ போர்த்திக்கொண்டிருந்த நீலச் சால்வையை நீ ஊருக்குப் போன நாளிலிருந்து அம்மா அலமாரியில் வைத்திருக்கிறாள். துவைத்துத் தருகிறேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன், தரவேயில்லை, வீட்டிலேயே சலவைக் கடை இருக்க இதென்ன அழுக்குப் பைத்தியம் என்று சண்டை கூடப் போட்டிருக்கிறேன். இன்று காலை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மடித்து அப்படியே உள்ளே வைத்தேன்.

நோய்நொடி இல்லாமல், நல்ல துணைகளோடு நீ நீடூழி வாழவேண்டும். மறக்காதே, அடுத்த முறை வந்துபோகும்போது போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை எனக்கு விட்டுப்போ. அம்மா தன்னுடையதில் பங்கு தரமாட்டாள். நான் துவைக்கமாட்டேன், சத்தியம்.

இப்படிக்கு,
உன் அப்பா