ஈரத்தில் ஒட்டாது

ஜனவரி 9

பேத்தியின் பள்ளியிலிருந்து ஒரு தாள். கடைவாய்ப் பற்களின் மேலுள்ள பள்ளங்களில் சொத்தை விழாமலிருக்கப் பூச்சு போடுவார்களாம்; பல் மருத்துவர் பள்ளிக்கே வருகிறார். மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்கப்பா" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் மொட்டைமாடி ஒழுகல் அடைத்தவன் நான். யாரிடமும் போய்க் கற்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். ஈரத்தின் மேல் பூசினால் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டு, பூசாததைவிட மோசமாகும். வாயோ எந்நேரமும் ஈரம். படித்தவர்களுக்கு இதுகூடவா தெரியாது? 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 10

"அந்தத் தாளை அனுப்பிட்டீங்களாப்பா?" என்றாள் மகள். அனுப்பிவிட்டேன் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 17

வகுப்பில் எல்லோருக்கும் போட்டார்களாம். "என்னை மட்டும் போய் உக்காருன்னு சொல்லிட்டாங்க தாத்தா." அம்மாவிடம் இதைச் சொல்லாதே என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன்?

மார்ச் 2

முட்டி வலி. ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 3

பேத்தி ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். கேட்டால் "சும்மா" என்கிறாள்.

ஆகஸ்ட் 5

பல் மருத்துவமனை. கீழ்க் கடைவாயில் சொத்தை. விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஆயுசுக்கும் இதுதான் என்றார் டாக்டரம்மா.

"ஸ்கூல்ல பூச்சு போட்டாங்களே டாக்டர்?" என்றாள் மகள்.

"எந்தப் பல்லுலயும் இல்லையேம்மா."

மகள் என்னைப் பார்த்தாள். பேத்தி தரையைப் பார்த்தாள்.

"வாய் ஈரம். ஈரத்துல ஒட்டாது" என்றேன்.

"சரியாத்தான் சொல்றீங்க சார். அதனாலதான் பல்லைக் காயவெச்சுட்டுப் போடறோம்."

காயவைப்பார்களாம். எனக்கு அது தோன்றவே இல்லை. மாடியை மட்டும் நான் காயவிடாமலா பூசினேன்?

ஆகஸ்ட் 6

பேத்தியிடம் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டாள். மகள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பல்லு கிடக்கட்டும்பா. சின்னப் புள்ளையப் போய் எங்கிட்ட மறைக்க வெச்சீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றுதான் — வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். என் பக்க நியாயத்தை எனக்கே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 7

என் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14

சொத்தைப் பல்லை அடைத்தாயிற்று. மீதி மூன்று கடைவாய்ப் பற்களுக்கும் இன்று பூச்சு. மகள் அரைநாள் விடுப்பெடுத்துத் தானே அழைத்துப் போனாள். "நீங்க வர வேண்டாம்" என்றாள். பின்னாலேயே நடந்து போய்க் கதவோரம் நின்றேன்.

கன்னத்துக்குள் பஞ்சுச் சுருள் வைத்தார்கள். கழுவிக் காற்றடித்ததும் பல் சுண்ணாம்பாய் வெளுத்துக் காய்ந்தது. சுத்தமான வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பேத்தியின் நாக்கு மெல்ல நகர்ந்து பல்லைத் தொட்டது.

"டாக்டர், ஈரம் பட்டுடுச்சு."

"பாத்துட்டேன் சார்" என்று மறுபடி காயவைத்தார்.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.