பதினேழாவது தாளில் ஒரு கட்டை

சிவமயம்

நயினாதீவு
24.10.1989

அன்பு மகன் குகதாசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்பாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் உன்னையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லி அவளைத்தான் நாளாந்தம் கேட்கிறேன். நீ அனுப்பிய பார்சலைக் கதிர்காமு அண்ணை போன மாதம் கொழும்பிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார். சுவெற்றரை அப்பா இந்த வெயிலிலும் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறார். மூன்று கட்டுத் தாள்தான் என்னைப் போட்டுக் குழப்பிவிட்டது. மற்றக் கட்டைகளைத் தள்ளி இடம்விட்டுக் கறுப்புக் கட்டையை வாசலால் வெளியே எடுக்கிற அறுபது புதிர் விளையாட்டையும் மூன்று விதமான கொம்பியூட்டருக்குத் தனித்தனியாகச் செய்து மூன்று பெட்டிகளில் அடைத்து விற்கப்போவதாகவும், எங்களிடம் அந்த மெசின் இல்லாதபடியால் படங்களை மெசினுக்கொரு கட்டாகத் தாளில் அடித்து அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். ஒரே விளையாட்டை ஏன் மூன்று தரம் செய்யவேண்டும் என்று அப்பாவைக் கேட்டால், ஒரே மாவிலே பிட்டும் இடியப்பமும் அவிக்கிறேல்லையோ என்கிறார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் வந்தால் பங்கு வைப்பதுதானே வழக்கம், நானும் ஆளுக்கொரு கட்டு என்று நினைத்து அப்பாவுக்கு ஒன்று, உன் பரிமளம் மாமிக்கு ஒன்று, பச்சை மட்டை போட்டது எனக்கு என்று பிரித்துவிட்டேன்.

அப்பா ஐந்தாவதோடு மூடிவைத்துவிட்டார். நான் சவர்க்காரப் பெட்டி மட்டையில் கட்டைகள் வெட்டி, குசினி நிலத்தில் கோடு கீறி, பதினாறு வரை நன்றாகச் செய்தேன். பதினேழில் கறுப்புக் கட்டையை வாசலால் வெளியே எடுக்கவே ஏலவில்லை. மூன்று கிழமை மல்லுக்கட்டினேன், சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது. மாமி ஒரே பின்னேரத்தில் செய்துவிட்டு, மச்சாளுக்கு வயது போயிட்டுது, மூளை களைச்சுப்போச்சு என்று என்னைப் பற்றி அப்பாவிடம் சொல்லியிருக்கிறா. என் தாயாரும் கடைசிக் காலத்தில் எங்கள் பெயர்களையே மறந்தவ. அது என்னையும் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன், உனக்கு மறைப்பானேன், அழுதும்விட்டேன்.

முந்தாநாள் மாமி தன் கெட்டித்தனத்தைக் காட்டத் தன் தாளோடு வந்தா. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவவின் தாளில் வாசலடிக் கட்டை இரண்டு கட்டம், அப்பாவின் தாளிலும் இரண்டு, என் தாளில் மட்டும் மூன்று. அந்த நீளத்தோடு அது அசைய இடமே இல்லை. மாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனா. அந்த மெசினுக்கு மூன்றுதான் சரியோ, அல்லது நீங்கள் பிழை விட்டீர்களோ, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த மாத முடிவில் பெட்டிகள் கடைக்குப் போகும், பிழை வந்தால் வேலையில் வைத்திருக்கமாட்டார்கள் என்று நீ எழுதியதை அன்றிரவே எடுத்துத் திரும்ப வாசித்தேன். உனக்கு ரெலிபோன் எடுக்க அப்பா நேற்று யாழ்ப்பாணம் வெளிக்கிட்டார், ஊரடங்கு என்று இறங்குதுறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று கிழமையாவது செல்லும்.

பிழை உன்னுடையதென்றால் ஒளிக்காதே ராசா, நீயே முதலில் போய்ச் சொல்லு. பெட்டிகள் அதற்குள் போய்விட்டால், என் பச்சைக் கட்டுக்குரிய பெட்டியை வாங்கினவர்களுக்கு எப்படியாவது அறிவித்துவிடு. பதினேழு ஏலாமல் போனதற்கு உங்களில் ஒரு குறையும் இல்லை என்று எழுது. அங்கேயும் என்னைப்போல ஒருத்தி தன் மூளையைச் சந்தேகித்துக்கொண்டு இருப்பாள்.

வேலை போனாலும் நீ எங்கள் பிள்ளைதான், யோசிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, முழுகினால் தலையை நன்றாகத் துவட்டு. அம்பாள் உன்னைக் கைவிடமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சறோஜினிதேவி

பி.கு.: பதினெட்டை இன்று காலை செய்துமுடித்தேன். மாமி இன்னும் முடிக்கவில்லையாம்.