இரண்டு அடுப்புகளும் ஒரு ரேஷன் கார்டும்

இன்று விம்கோ நகர் ஸ்டேஷனுக்கு வெளியே பஜ்ஜி போடுகிற அம்மாள் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். ரயில் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். நான் சிரிப்பதே அபூர்வம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தவன் நீதானே.

செல்போன் நம் தெருவுக்கு வராத காலம். திருவொற்றியூரில் ஒரே அறையில் நாம் இரண்டு வருடம் இருந்துவிட்டோம். நீ கல்யாணத்துக்குச் சம்மதிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், உன் அண்ணன் தன் ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை வெட்டினார். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. நீயோ அந்தப் பெயர் நீக்கல் சான்றைச் சட்டைப் பையில் மடித்து எடுத்து வந்து, "வக்கீலு, நல்லதாப் போச்சு. இத்த வச்சு உன் கார்டுல சேந்துக்கறேன்" என்றாய்.

மணலியில் புது காண்ட்ராக்டர், விலாசத்துக்குச் சான்று இல்லாமல் கேட் பாஸ் தர மறுத்திருந்தார். கார்டில் பெயர் ஏறினால்தான் உனக்கு வேலை. எனக்கு வேறொரு ஆசையும் இருந்தது. நம் இருவர் பெயரையும் சேர்த்து எழுத அரசாங்கத்திடம் இருந்த தாள் அது ஒன்றுதான். வேறெந்தச் சட்டத்திலும் நமக்கு இடமில்லை என்பதை மூன்று வருடம் சட்டம் படித்துத் தெரிந்துகொண்டவன் நான்.

வீட்டைப் பார்க்க அதிகாரி வருவார் என்றதும் பயம் வந்தது. இரண்டு ஆண்கள், ஒரே அறை, என்ன நினைப்பாரோ. கௌரவமாகத் தெரியட்டும் என்று பக்கத்து வீட்டு நூர்ஜான் அக்காவின் ஸ்டவ்வை இரவல் வாங்கி மறுமூலையில் வைத்தேன்.

"ஒண்ணா கீறோம்னு காட்டத்தானே அவர வரச் சொன்னோம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் கேட்கவில்லை.

அதிகாரி செருப்பைக் கழற்றியதும் பார்த்தது மூலைகளைத்தான்.

"ரெண்டு அடுப்பா? அப்ப ரெண்டு குடும்பம். ஒரே சமையலா இருந்தாதான் ஒரே கார்டு."

சட்டம் படித்தவனுக்கு இந்த விதி தெரிந்திருக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றேன். அப்போது நூர்ஜான் அக்கா உள்ளே வந்தார்.

"இன்னாப்பா, ஆபீசர் இன்னும் போவலியா? ஸ்டவ்வக் குடு. எங்க வூட்டுக்காரரு பசியோட குந்திகினு கீறாரு."

"இது உங்களுதாம்மா?" என்றார் அதிகாரி.

"பின்ன? இவங்களுக்கு எதுக்கு ரெண்டு? அவன் ஆக்குவான், இவரு உப்பு பத்தலன்னுவாரு, அப்பால ரெண்டும் ஒரே தட்டுல துன்னும். ரெண்டு வருசமா இதே பேஜாருதான்."

நீ சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"சரி. உறவு முறை இன்னா போடறது?"

ஒரு வாரமாக நான் ஒத்திகை பார்த்த பொய் 'தம்பி'. நீ முந்திக்கொண்டாய்.

"தம்பின்னு போட்றாத சார். எனக்கு ஒரு அண்ணனே போதும்."

"அப்ப இவரு உனக்கு இன்னா வேணும்?"

"எனக்கு எதுனா ஆச்சுன்னா இவருக்குத்தான் சார் சொல்லி அனுப்பணும்."

ஸ்டவ்வை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த அக்கா, "அத்தயே எழுதிக்க சார்" என்றார். அதிகாரி நம்மை மாறி மாறிப் பார்த்தார். கட்டம் சின்னது. 'உறவினர்' என்று எழுதி, மை காயும்வரை ஊதினார். அன்று நீ தெருவுக்கே கேசரி கிண்டினாய். எனக்கு அது கல்யாணச் சாப்பாடு. உப்பைப் பற்றி அன்று நான் வாயே திறக்கவில்லை.

உன் வாரிசுச் சான்றிதழில் அண்ணன் பெயர்தான் இருக்கிறது. "ரூம்மேட்டுக்கு இத்தனை நாள் லீவா?" என்று கேட்ட என் மேலாளரையும் நான் மறக்கவில்லை. இந்தக் கோபங்களை நான் விடப்போவதில்லை. ஆனால் அவற்றோடு இன்னொன்றையும் வைத்திருக்கிறேன். நீ போன அன்று உன் கம்பெனியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தான். வழியில் சாத்தங்காட்டில்தான் உன் அண்ணன் வீடு. அவன் அங்கே இறங்கவில்லை. நம் வாசலுக்கு வந்துதான் இறங்கினான்.