எண்ணாமல் விட்ட பந்துகள்

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சிக்கு வந்தது ஒன்பது பேர். அதில் ஒருவன் ஷூவை வீட்டில் விட்டுவிட்டுச் செருப்போடு வந்தான். பேஸ்பாலுக்கு ஒன்பது பேர் வேண்டும். ஆக, யாருக்கும் வயிற்றுவலி வராத வரை எனக்கு ஓர் அணி இருக்கிறது. பகல் முழுக்கக் கிடங்கில் பெட்டிகளை எண்ணுகிறேன், சாயங்காலம் பிள்ளைகளை எண்ணுகிறேன். எண்ணி எண்ணியே ஆயுசு தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

தங்கை மகள் மட்டும் அரை மணி நேரம் முன்பே வந்து நின்றாள். பன்னிரண்டு வயதுக்கு அநியாய உயரம். பிள்ளைகள் ‘ஒட்டடைக்குச்சி’ என்று கூப்பிடுகிறார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கிறாள். எங்களில் உருப்படியாகப் பந்து வீசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அரையிறுதி.

ஒட்டடை வீசியது அறுபத்தெட்டு பந்து. அந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் எழுபத்தைந்துக்கு மேல் வீசக் கூடாது என்பது சங்கத்தின் விதி. எண்ணுகிற கருவியை நான் கையிலிருந்து இறக்குவதே இல்லை. எதிரணிக் கோச் தன் பையனை எழுபத்தாறு வரை இழுத்தார். நானே நடுவரிடம் போய்ச் சொல்லி நிறுத்த வைத்தேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அவள் வீசி முடித்ததும் கேட்சராக உட்கார வைத்தேன். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி, வருகிற பந்தைப் பிடித்துத் திருப்பி எறிகிற வேலை. எங்கள் கேட்சர் போன மாதம் நீச்சலுக்கு ஓடிவிட்டான். அந்த வேலைக்கும் அவளை விட்டால் உருப்படியான ஆளில்லை.

மார்ச் 12, புதன்

மழை. பயிற்சி இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

அரையிறுதியிலும் வெற்றி. நம்பவே முடியவில்லை. பெற்றோர்கள் கை கொடுத்தார்கள். பேக்கரிக்காரர், அதுதான் எங்கள் வலது மூலையில் நிற்கும் குண்டுப் பையனின் அப்பா, என்னைக் கட்டிப் பிடித்துச் சட்டையெல்லாம் மாவாக்கிவிட்டார்.

ஒட்டடை எழுபது பந்து. அப்புறம் மூன்று இன்னிங்ஸ் கேட்சர். கடைசி இன்னிங்ஸில் ஓடுகிறவனை அவுட்டாக்க அவள் இரண்டாம் பேஸுக்கு எறிந்த பந்து நடுவிலேயே விழுந்து உருண்டது. எனக்கு உதவியாக வரும் பஸ் டிரைவர் பக்கத்தில் வந்தார். “கோச், புள்ளைக்குக் கை தொங்குதே.”

“களைப்பா இருக்கும்,” என்றேன்.

முடிந்ததும் இடது கையால் தண்ணீர் குடித்தாள். என்னம்மா என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல மாமா.” ஒன்றுமில்லை என்று நானும் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளத்தானே எனக்கும் வசதியாக இருந்தது?

மார்ச் 18, செவ்வாய்

காலையில் தங்கை போன் செய்தாள். பிள்ளையால் தலை வாரிக்கொள்ள முடியவில்லையாம், முழங்கை வீங்கியிருக்கிறதாம். கிடங்கில் சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பு வளர்கிற இடத்தில் விரிசல் மாதிரி ஒரு கோடு. குறைந்தது நான்கு மாதம் பந்தைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு பழையபடி வீச முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். எத்தனை பந்து வீசினாள் என்று கேட்டார். நோட்டை எடுத்துக் காட்டினேன். அறுபத்து நாலு, அறுபத்தெட்டு, எழுபது. எல்லாம் சுத்தம்.

“எங்கண்ணன் எண்ணித்தான் டாக்டர் போட விடுவான்,” என்றாள் தங்கை. “மத்த புள்ளைங்களவிட இவள இன்னும் பொத்திப் பொத்தி வச்சுக்குவான்.”

“அப்ப வேற எங்கயோ எறிஞ்சிருக்கா,” என்றார் டாக்டர்.

தங்கை மகள் பக்கம் திரும்பினாள். “வீட்டுச் செவுத்துல எறியாதேன்னு எத்தனை தடவ சொன்னேன்?”

பிள்ளை என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான் இருக்கும். அப்புறம் தரையைப் பார்த்தாள். நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

மார்ச் 19, புதன்

கிடங்கில் சரக்குச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கேட்சருக்கு வருகிற ஒவ்வொரு பந்தும் திரும்பிப் போக வேண்டும். மூன்று இன்னிங்ஸுக்கு ஐம்பத்தைந்து, அறுபது. பேஸுக்கு எறிந்தது தனி. ஆட்டத்துக்கு முன்னால் சூடேற்ற வீசியது ஒரு முப்பது. எழுபதோடு கூட்டினால் நூற்று அறுபதுக்கும் மேல். ஒரே நாளில், ஒரே கையால்.

விதிப் புத்தகத்தில் கேட்சரின் எறிதலுக்கு வரம்பில்லை. அதனால் நான் எண்ணவில்லை. எழுபத்தாறுக்கு நடுவரிடம் ஓடினவன் நான்தானே? — அடுத்தவன் பிள்ளைக்கு.

மார்ச் 22, சனி

தங்கை கையுறையைப் பரண் மேல் போட்டுவிட்டாளாம். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு, இனி ஓவிய வகுப்புதான் என்றாளாம். பிள்ளை அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லையாம்.

“ஏங்க, தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றாள் மனைவி. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க.”

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை மடித்துக்கொண்டேதான் இருந்தாள். “டாக்டர் முன்னாடி உன்னத் தூக்கி வச்சுப் பேசினேன்,” என்றாள். “அஞ்சு நாளா அவளத் திட்டித் தீத்திருக்கேன். தப்பு உன்னுதுன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டே இருந்திருக்க.”

உள்ளே இருந்து பிள்ளையின் குரல். “மாமாவுக்கு வேற ஆள் இல்லம்மா.”

எனக்காகப் பேசுறா. அவளுக்கு முதல்லேருந்தே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் டாக்டர்கிட்ட வாயைத் திறக்கல. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு ஒரு பன்னிரண்டு வயசுப் புள்ள வலிய முழுங்கியிருக்கு. செருப்பால அடிச்சிருந்தாக்கூட தேவலை.

“இனிமே இவ உன் டீம்ல இல்ல,” என்றாள் தங்கை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இறுதி ஆட்டம். எதிரணி சம்மதித்ததால் எட்டுப் பேரோடு இறங்கினோம். பதினான்குக்கு ஒன்று. அந்த ஒன்று எப்படி வந்தது என்று எங்களுக்கே தெரியாது. பிள்ளைகள் அழுதார்கள், ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வந்ததும் மறந்துபோனார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

விலகுவதாகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். செயலாளர் மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார். “நீங்களும் போனா அந்த எட்டுப் பேரையும் வீட்டுக்குத்தான் அனுப்பணும்.” அதை எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

எலும்பு கூடிவிட்டதாம். மெதுவாக எறிய ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை இதை என் மனைவியிடம் போனில் சொன்னாள். நான் பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்வாளோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

புது வருஷத்து டைரியில் முதல் உருப்படியான பதிவே இதுதான்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணியோடு ஆட்டம். அவர்களுக்குப் பந்து வீசியது ஒட்டடை; கையுறையைப் பரணிலிருந்து இறக்கித் தங்கையே அங்கே சேர்த்திருக்கிறாள். இன்னும் அரை ஜாண் வளர்ந்திருக்கிறாள். நாற்பது பந்து வீசினாள், என் பிள்ளைகள் ஒன்றையும் தொடவில்லை. எதிரணியை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. நாற்பதானதும் அவர்களுடைய கோச் அவளை வெளியே எடுத்து, கைக்கு ஒரு ஸ்வெட்டரைச் சுற்றி உட்கார வைத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் முந்தினோம். இந்த வருஷம் என்னிடம் பதினோரு பேர். பேக்கரிக்காரர் மகன்தான் இப்போது எனக்குப் பந்து வீசுகிறான். அறுபத்தொன்றில் நிறுத்தினேன். அடுத்த பையனின் பந்தைப் பிடிக்கக் கேட்சர் திணறினான். “குண்டன கேட்சரா உக்கார வைங்க கோச், ஜெயிச்சிரலாம்,” என்றார் டிரைவர். வேண்டாம் என்றேன். கடைசி இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்துத் தோற்றோம். பேக்கரிக்காரர் இன்று கட்டிப் பிடிக்கவில்லை.

மட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை வந்து நின்றாள். ஒரு வருஷமாக என்னோடு பேசாதவள். அவள் கையிலும் எண்ணுகிற கருவி இருந்தது.

“உன் பையன் அறுபத்தொண்ணு. சரியா?”

“சரிதான்.”

“அதுக்கப்புறம் அவன எங்க போட்ட?”

“பெஞ்சுல.”

“பாத்தேன்,” என்றாள்.