கன்றிப்போன கை

பாவா,

இன்று காலை பஸ்ஸில் யாரோ தூக்கி வந்த தகரப் பெட்டியின் மூலை என் முழங்கைக்குக் கீழே லேசாக உரசியது. வலிக்கக்கூட இல்லை. கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்டு நிமிர்வதற்குள் அந்த இடம் நாவல்பழமாகக் கறுத்துவிட்டது. ரேஷன் கார்டைக் காப்பி எடுக்க வந்த பெண் ஒருத்தி என் கையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுக்காரரு அடிக்கிறாராக்கா?" என்றாள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. பெட்டி இடித்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எடுத்த காப்பியையே மறுபடி எடுத்தேன். சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். செத்தவர்மேல்கூட அந்தப் பழி வந்து உட்காருகிறதே என்ற ஆத்திரம் அடங்கவில்லை.

கல்யாணமான மறுவருஷத்து ஆடிக் கிருத்திகை. மலைக்கோயில் படியெல்லாம் காவடி. நெரிசலில் நான் பின்தங்கிவிட்டேன். நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கூட்டிப்போனீர்கள். இழுக்கவில்லை, முறுக்கவில்லை. பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். மறுநாள் உங்கள் ஐந்து விரலும் என் கையில் இருந்தன, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலும் மறுபக்கம்.

அன்றைக்குப் பார்த்து என்னைப் பெற்ற நைனா பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார். நான் தண்ணீர் கொடுத்தபோது சொம்பைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். நீங்கள் அவருடைய சொந்த அக்கா மகன். சின்ன வயதில் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை. ஆனால் அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் நாளெல்லாம் இரும்பைப் பிடிக்கிற கை உங்களுடையது. வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் இல்லை இல்லை என்றேன். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் உறுதியானது. "அடி வாங்கினவ இன்னா சொல்லுவா? அடிக்கலன்னுதான் சொல்லுவா," என்றார். நீங்கள் கதவோரம் நின்று, "புடிச்சேன் மாமா, அடிக்கல," என்றீர்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்காக உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? கத்தியிருக்கலாம். சாமிமேல் சத்தியம் செய்திருக்கலாம்.

நைனா என்னை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பஸ்ஸில் வந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். வீட்டுக்குள் வரவில்லை. நான் தறி ஓடும் அறையின் ஜன்னலில் நின்று பார்ப்பேன். கடைசியில் பெரியவர்கள் நாலு பேர் கூடி, கல்யாணத்தை அறுத்துவிடுவதே நல்லது என்று பேசத் தொடங்கினார்கள். உங்கள் அம்மா, என் அத்தை, ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். நான் நேராகப் போய் நைனா முன்னால் கையை நீட்டினேன்.

"நைனா, நீங்க புடிங்க."

எதற்கு என்றார்.

"பாவா புடிச்ச மாதிரி புடிங்க. காலையில பாக்கலாம்."

வேண்டாவெறுப்பாகப் பிடித்தார். நான் நன்றாக என்றேன், கொஞ்சம் அழுத்தினார். விடிந்ததும் அதே கையை அவருக்குக் காட்டினேன். அதே கட்டைவிரல், அதே நாலு விரல். ஆனால் இவை அவருடையவை. தறியை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போது அவர் சொன்னதை உங்களைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. "உங்கம்மா ஒடம்புல இருந்ததெல்லாம் நான் அடிச்சதுன்னே நெனச்சிகினு இருந்தேனே," என்றார்.

அவர் அடிக்காமல் இல்லை. குடித்த நாட்களில் அடித்திருக்கிறார். மறுநாள் அம்மாவின் உடம்பு முழுக்கக் கன்றியிருக்கும், அத்தனையும் தன் கைவேலை என்று நம்பியிருக்கிறார். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மத்தியானம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. என்றோ அடித்த அடிதான் உள்ளே இருந்து கொன்றது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். அன்றோடு குடியையும் விட்டார். என் கையைப் பார்த்தபோது அவருக்கு உங்கள் கை தெரியவில்லை, தன் கைதான் தெரிந்திருக்கிறது.

அவரே என்னை உங்களிடம் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு கூட்டத்தில் நீங்கள் என் கையைப் பிடித்ததே இல்லை. தோள் துண்டின் ஒரு முனையை நீட்டுவீர்கள். "நான் இன்னா மாடா, கயித்தப் புடிச்சிகினு வர்றதுக்கு?" என்று நான் சண்டை போட்டால் சிரிப்பீர்கள்.

மகள் பிறந்தபோது போட்ட தையல் நிற்கவில்லை, ரத்தமும் நிற்கவில்லை. ஷெட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து ரத்தம் கொடுக்க வைத்தீர்கள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு ஒரு பல் பிடுங்கி, அந்த ரத்தமும் நிற்காமல் போன பிறகுதான் வேலூருக்குப் போனோம். நைனாவும் கூட வந்தார்.

அங்கே அந்த டாக்டரம்மா என் மார்பில் நீலமாகத் தெரிகிற நரம்புகளையும், மெலிந்த மூக்கையும், கண்ணாடித்தாள் மாதிரி இருந்த தோலையும் பார்த்துக்கொண்டே அம்மாவைப் பற்றிக் கேட்டார். தோலில் கொஞ்சமும் ரத்தமும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. உடம்பைச் சேர்த்துக் கட்டிவைக்கிற பொருளுக்குக் கொலாஜன் என்று பெயராம். அதில் பல வகை உண்டாம். ரத்தக்குழாய்க்கும் குடலுக்கும் தோலுக்கும் உறுதி தருவது மூன்றாம் வகை. மூன்று இழையை முறுக்கின கயிறு மாதிரி என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். அந்த இழையை எப்படிச் செய்வது என்று சொல்கிற மரபணுவில் எனக்கு ஓரிடத்தில் பிசகு. அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். தோல் கன்றுவது சின்ன விஷயம், உள்ளே பெரிய குழாயோ குடலோ கிழிந்தால்தான் ஆபத்து, திடீரென்று வலி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது என்றார்.

நைனா எழுந்து நின்றார். "அப்போ நான் அவள கொல்லலியா டாக்டர்?"

அந்த அம்மா வரைந்த காகிதத்தைத் தள்ளி வைத்தார். "அவங்க செத்ததுக்கு இந்த நோய் காரணமா இருக்கலாம். நீங்க அடிச்சதுக்கு நோய் காரணமில்லீங்க," என்றார்.

ஆங் என்றார் நைனா. அவ்வளவுதான். ரயிலில் திரும்பினோம். காட்பாடியில் நீங்கள் இறங்கி அவருக்கு டீ வாங்கி வந்து, ஆற்றி, கையில் கொடுத்தீர்கள். உங்களை அடிக்கிறவன் என்று சொன்ன மனிதருக்கு. அவர் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே அரக்கோணம் வரை வந்தார். இன்றும் எப்போதாவது என்னிடம் அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நான் சோறு போட எழுந்து போய்விடுகிறேன் பாவா.

எல்லோரும் எனக்காகப் பயந்துகொண்டிருந்தோம். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தது நீங்கள்.

இன்னொரு சேதி சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ. நம் பெண் தானாகவே வேலூருக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தெரிந்துதான் போனாள். போன வாரம் முடிவைக் கேட்க நானும் கூடப் போனேன். அவளுக்கும் இருக்கிறது. அந்த மரபணுவில் நீங்கள் கொடுத்த பிரதி நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் கயிறு முறுக்கும்போது என்னுடைய பிசகின இழையும் அதில் கலந்துவிடுகிறது, அதனால் நல்லதும் வலுவிழக்கிறது என்றார்கள். நான் அங்கேயே அழுதேன். அவள் அழவில்லை. வெளியே வந்ததும், "யாராச்சும் என்னைக் கேட்டு வந்தா மொதல்ல இதச் சொல்லிடும்மா. அப்பாவ நிக்க வெச்ச மாதிரி அந்தப் பையனையும் கதவோரம் நிக்க வெக்காதீங்க," என்றாள்.

அவள் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். என் நோய் தெரிந்து வேலூரிலிருந்து வந்த பிறகு நீங்கள் ஷெட்டிலிருந்து கடைக்குப் போன் பண்ண ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? எடுத்தால் பேச ஒன்றும் இருக்காது. ஆள் நிற்கிற நேரத்தில் என்ன போன் என்று எரிந்து விழுவேன். நான் எடுக்கிறேனா என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

சற்று முன்னால் அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள், கிளாஸில் இருக்கிறேன், என்ன விஷயம் என்று கிசுகிசுத்தாள்.

"சும்மாதான்," என்றேன்.